பல்லுடைச்சான்

பிப்ரவரி 3

தம்பி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைப்பதற்குள் லாரி வந்து சேர்ந்திருக்கும். அதில் உங்கள் அண்ணனின் சிவப்பு வண்டி இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு இவ்வளவு பெரிய லாரியா என்று ஓட்டுநர் இரண்டு முறை கேட்டார்.

பதினாறு வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு இப்போது வேலை சொல்லி எழுதுவது முறையல்ல என்று எனக்கே தெரியும். ஆகவே நலம் விசாரித்து உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. அவர் காலமான இந்த மூன்று வருடமாக வண்டி ஷெட்டிலேயே நின்று எஞ்சின் இறுகிவிட்டது. பட்டறைத் தெருவிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்தார்கள். இந்த மாடலுக்கு இனிச் சாமான் கிடைக்காது, வேறு எஞ்சின்தான் ஏற்ற வேண்டும், அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவன் இந்தத் தெருவில் ஒருத்தன்தான் இருந்தான், அவனும் ஊரை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். அவன் யார் என்று நான் கேட்கவில்லை.

வண்டி ஓட வேண்டும். எந்த எஞ்சின் என்பதை உங்களிடமே விடுகிறேன். ஆனால் நிறத்தைத் தொடக் கூடாது. கியர் பாக்ஸைத் திறக்கக் கூடாது. அது நன்றாகவே இருக்கிறது. அப்படியே புது எஞ்சினோடு சேர்த்துவிடுங்கள்.

பதிலைப் பேனாவால் எழுதுங்கள். பென்சில் எழுத்து எனக்கு இப்போது தெரிவதில்லை.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணி,

வண்டி வந்தது. இறக்கும்போது படகுத்துறையே கூடிவிட்டது. “அண்ணே, இது கடல்ல மிதக்குமா?” என்று ஒருவன் கேட்டான். மிதக்கவில்லை என்றால் உன்னைத்தான் கட்டி இறக்குவேன் என்றேன்.

லாரிக்காரர் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். நான் பேசப் போவதில்லை. என் வாழ்க்கை தலைகீழானது ஒரு வாய்ப் பேச்சால். பட்டறைத் தெருவில் அண்ணன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “நேத்து தம்பி எடுத்துட்டுப் போனான்.” உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இரவல் கேட்டு எடுத்துப் போனேன், சாயங்காலமே கொண்டுவந்து விட்டேன். திங்கட்கிழமை காலையில் இரண்டாம் கியரின் பல் உடைந்தது. அந்த வாக்கியமே தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் டீக்கடைக்குள் நுழையும்போது எனக்குப் பெயர் மாறியிருந்தது. பல்லுடைச்சான்.

பஸ் கம்பெனியில் கியர் பாக்ஸ் பிரிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு கியர் பாக்ஸ்கூட என் கைக்கு வரவில்லை. அதனால்தான் இங்கே படகு எஞ்சின் பார்க்கிறேன். படகுக்கு முன்னால் போக ஒன்று, பின்னால் போக ஒன்று, அவ்வளவுதான். நான் உடைக்கவில்லை என்று அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று சொன்னேன். அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். ஆகவே இனி எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது டீசல். சின்ன சரக்கு வேனில் இருந்தது, நல்ல எஞ்சின். டீசல் வாசனை வந்தாலே அண்ணன் ஜன்னலை மூடிவிடுவார். பொறுத்துக்கொள்ளட்டும்.

சிக்கல் கியர் பாக்ஸில். டீசல் மெதுவாகச் சுற்றும், ஆனால் அடியிலிருந்தே முரட்டுத்தனமாக இழுக்கும். பழைய பாக்ஸ் வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்தது. நாலே கியர். அதில் டீசலைப் பூட்டினால் எண்பதைத் தொடும்போதே எஞ்சின் அலறும். பல்லும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. வேனோடு வந்த ஐந்து கியர் பாக்ஸ் இருக்கிறது. அது உடையாது. ஆனால் நீளம் அதிகம், கியர் ராடு ஒரு சாண் பின்னால் போய்விடும். இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் போடலாம். கிளட்சை மிதிக்கவே வேண்டாம். அண்ணன் போன அன்று கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு நீங்கள் படி இறங்கியதைப் பார்த்தேன். அந்த இடது முழங்காலுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி.

எதைப் போடட்டும்?


பிப்ரவரி 15

தம்பி அவர்களுக்கு,

முழங்கால் என்னுடையது. அதைப் பற்றி நான் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

டீசல் போடுங்கள். அவர் இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். இப்போது அவர் இல்லை, ஆகவே போடுங்கள். ஆட்டோமேட்டிக் கூடாது. கியர் ராடு இல்லாத வண்டி எனக்கு வேண்டியதில்லை. ஒரு சாண் பின்னால் போவதும் கூடாது. பழைய பாக்ஸே இருக்கட்டும். எண்பதில் அலறும் என்றால் எழுபதில் போனால் போகிறது.

நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றதை நானும் பார்த்தேன். உள்ளே வந்திருக்கலாம்.

அண்ணி


பிப்ரவரி 28

அண்ணி,

உள்ளே வரச் சொல்லியிருக்கலாம்.

அட்டையை வெட்டி வைத்து நான்கு நாளாக அளவெடுக்கிறேன். இரண்டு இருக்கைக்கும் நடுவே மேடாக இருக்கிறதே, அதற்குள்தான் கியர் பாக்ஸ் உட்கார வேண்டும். பழைய பாக்ஸையும் டீசலையும் இணைக்க நடுவில் ஒரு தகடு கடைய வேண்டும், அது பெரிய காரியமில்லை. ஆனால் உள்ளே என்ன நிலைமை என்று பார்க்காமல் இந்த எஞ்சினைப் பூட்ட மாட்டேன். முதல் மேட்டிலேயே பல் உடைந்தால் பழி யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பட்டது போதும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்த வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? எனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அன்று முதல் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை. உங்கள் பையன் வெளிநாட்டில். ஓட்டுபவர் நெட்டையா, குட்டையா, கிளட்சை அழுத்தி மிதிப்பவரா, தடவி மிதிப்பவரா என்று தெரிந்தால்தான் பாக்ஸைத் தீர்மானிக்க முடியும். சட்டைக்கு அளவு கொடுக்காமல் தைக்கச் சொல்கிறீர்கள்.


மார்ச் 4

தம்பி அவர்களுக்கு,

ஓட்டுபவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சராசரி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸைத் திறக்க வேண்டாம் என்று மறுபடி சொல்கிறேன்.

அண்ணி

மறுபடியும் அதே நாள், மாலை. காலையில் எழுதியதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மூன்று முறை தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். ஒரு அளவு எனக்குத் தேவைப்படுகிறது. இடது இருக்கையின் உள் ஓரத்திலிருந்து கியர் ராட்டின் குமிழ் வரை இப்போது எத்தனை அங்குலம்? எந்த பாக்ஸ் போட்டாலும் அந்தத் தூரம் மாறக் கூடாது. மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள்.


மார்ச் 12

அண்ணி,

திறந்துவிட்டேன்.

இரண்டாம் கியரின் பித்தளை வளையம் சவர பிளேடு மாதிரி மெலிந்து கிடக்கிறது. பல்லின் ஓரம் ஒரே பக்கமாக மழுங்கியிருக்கிறது. கால் கிளட்சை முழுதாக மிதிப்பதற்கு முன்னால் கை அவசரப்பட்டால்தான் இப்படி ஆகும். புதிதாகக் கற்றுக்கொள்பவன் ஒரு மாதம் இப்படிச் செய்வான். ஊருக்கே பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுத்த அதிகாரியான அண்ணன் வருடக்கணக்கில் செய்ய மாட்டார்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் உடைந்த பல்லை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் ஓரம் எனக்கு மறக்காது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டறைத் தெருவில் புது இரண்டாம் கியர் போட்டார்கள். போட்ட பிறகு இந்த வண்டியின் கதவைக்கூட நான் தொட்டதில்லை. நான் தொடாத அந்தப் பல்லும் அதே இடத்தில், அதே பக்கமாக மழுங்கியிருக்கிறது. எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. கழுவிவிட்டுப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

முதல் கியரும் மூன்றாம் கியரும் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. ரிவர்ஸ் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. முன்னால் போகும்போது தடுமாறுகிற கை பின்னால் போகும்போது தடுமாறவில்லை. அப்படியென்றால் ரிவர்ஸ் போட்டது வேறு கை.

பிறகு அந்த மரக் குமிழைப் பார்த்தேன். பாலிஷ் போயிருப்பது ஓட்டுபவரின் உள்ளங்கை படுகிற பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில்.

நீங்கள் கேட்ட அளவு பதினொன்றரை அங்குலம். ஓட்டுபவருக்கு அந்த அளவு தேவைப்படாது, அண்ணி.


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

பல் உடைந்த அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை அவருடைய இடது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. விரல்கள் மடங்கவில்லை. தலையில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, இனி அந்தக் கையில் பழைய பிடி வராது என்றார் டாக்டர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அலுவலகத்தில் பரீட்சைக்கு வருகிறவர் ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் லைசென்ஸ் அதிகாரி தன் வண்டியை எடுப்பதை நிறுத்தினால் ஊர் கேட்கும். ஆகவே நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கும் காலும் அவருடையவை. கியர் போட்டது நான், பக்கத்து இருக்கையிலிருந்து, என் வலது கையால். கை வெளியே தெரியாமல் நடுவில் என் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொள்வேன். கிளட்சை மிதித்ததும் அவர் “ம்” என்பார். நான் போடுவேன். வீட்டு ஷெட்டில் ஆள் பார்க்க மாட்டார்கள் என்பதால் ரிவர்ஸை மட்டும் அவரே வலது கையை வளைத்துப் போட்டுக்கொள்வார். நீ கண்டுபிடித்தது சரி.

உனக்கு வண்டியைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நான்கு மாதம் இப்படி ஓட்டியிருந்தோம். மறுநாள் காலை ரயில்வே கேட் மேட்டில், அவர் “ம்” சொல்வதற்கு முன்பே நான் போட்டேன். எப்போது போட வேண்டும் என்று எனக்கே தெரியும் என்ற கர்வம். பாத்திரம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவர் என் முகத்தைப் பார்த்தார். பட்டறைத் தெருவில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது கேட்டது.

பொய் சொல்வது பாவம் என்று கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று பதினாறு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு எழுதுவதற்காக அவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அவருடைய வலது கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் எழுதவில்லை.

யார் ஓட்டுவது என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. முன் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வளைவில் பஸ் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நாற்காலியின் கைப்பிடி மேல் என் வலது கை தானாக நகர்கிறது. புத்தகம் படிக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இந்தக் கையைச் சும்மா இருக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் வண்டி.

திறக்காதீர்கள் என்று எழுதினேன். திறக்காமல் விடமாட்டாய் என்று தெரியாமலா உன்னிடம் அனுப்பினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

நான் உடைக்கவில்லை என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். அதை எனக்கே எழுதி என்ன பயன்? தெரியாதவர்கள் பட்டறைத் தெருவில் இருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்து லாரி இங்கே வந்தால் ஓட்டுநர் இறங்கி, “பல்லுடைச்சான் இருக்காரா?” என்றுதான் கேட்கிறார். என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வண்டியைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் அங்கே போய்ச் சொல்லாத வரை எந்த கியர் பாக்ஸும் அதில் ஏறாது.

நடுவில் ‘நீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துத் திருத்தவில்லை. அதையும் பார்த்தேன்.


ஏப்ரல் 20

தம்பி,

நேற்றுப் போனேன். காலை பதினொரு மணிக்கு, தெரு நிரம்பியிருக்கும் நேரமாகப் பார்த்து. போவதற்கு முன்னால் ஐந்து நாள் புடவை சரியில்லை, வெயில் அதிகம், முழங்கால் வலி என்று காரணம் தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று பல் மாற்றிய கடை அங்கேயே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி தடித்துப் போனதால் கடைக்காரரை இப்போது சோடாபுட்டி என்கிறார்கள். கிரீஸ் படிந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. எதிர்க்கடைக் கடைசல்காரரையும் கூப்பிடச் சொன்னேன். இன்னும் ஏழெட்டுப் பேர் தாமாகவே வந்தார்கள்.

“பதினாறு வருஷத்துக்கு முன்னால எங்க வண்டிக்கு இங்க ரெண்டாம் கியர் மாத்தினீங்க. அதை உடைச்சது எங்க தம்பி இல்ல. நான்” என்றேன்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நீங்க வண்டியே ஓட்டினதில்லையே.”

“ஓட்டல. கியர் மட்டும் போட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கை, கைப்பை, “ம்”, ரயில்வே கேட். அவருடைய கையைப் பற்றி அந்நியர்கள் முன்னால் சொல்லும்போது ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்தார்கள்.

கடைசல்காரர்தான் முதலில் பேசினார். “லைசென்ஸ் டெஸ்ட்ல சார் எனக்கு மூணு தரம் ஃபெயில் போட்டார். ஒத்தைக் கையால ஸ்டியரிங் பிடிக்கறியாடான்னு திட்டினார்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நானும் சிரித்தேன். அவருக்காகவும் சேர்த்துத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சோடாபுட்டி சிரிக்கவில்லை. “அந்தப் பேரை வெச்சது நான்தாம்மா” என்றார். “அவன் கை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வெச்சேன்.” உனக்கு எழுதுவாரா என்று கேட்டேன். எழுத வராது, நேரில் பார்த்தால் பேசுகிறேன் என்றார்.

அவ்வளவுதான். இனி நீ எந்த பாக்ஸ் போட்டாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் சரி.

அண்ணி


மே 16

அண்ணி,

போன வாரம் அந்தப் பக்கத்து லாரி வந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “அண்ணே” என்றார் கடைசியில். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆட்டோமேட்டிக் போடவில்லை. உங்கள் கைக்கு வேலை இல்லாமல் போய்விடும். பழைய பாக்ஸ் டீசலைத் தாங்காது, அதைத் துடைத்து எண்ணெய் போட்டு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். வேனின் ஐந்து கியர்தான் ஏறியிருக்கிறது. நடு மேட்டை இரண்டு விரற்கடை அகலப்படுத்தினேன். பின்னால் போன கியர் ராட்டை அறுத்து, அடியில் ஒரு இணைப்புக் கம்பி கொடுத்து முன்னால் கொண்டுவந்தேன். பதினைந்து நாள் அந்த ஒரு கம்பியோடு மல்லுக்கட்டினேன். குமிழ் பழைய குமிழ்தான், பாலிஷ் போடவில்லை. இடது இருக்கையிலிருந்து பதினொன்றரை அங்குலம், நூல் பிசகவில்லை. சிவப்பையும் தொடவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். “அண்ணே, ஐஸ் லாரி வருதுன்னு நெனச்சேன்” என்றான், கடலில் மிதக்குமா என்று கேட்ட அதே ஆள். சத்தம் அப்படித்தான். ஆனால் எண்பதில், ஐந்தாவதில், அலறாமல் போகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்குக் காத்திருந்த மாதிரி இதற்குக் காத்திருக்க வேண்டாம். டீசல் அடுத்த கியரைச் சீக்கிரமே கேட்கும். உங்கள் அவசரத்துக்கு ஏற்ற எஞ்சின்.

அண்ணன் மாதிரி “ம்” சொல்ல எனக்கு வராது. படகுத்துறையில் கத்தித்தான் பழக்கம். ரிவர்ஸ் என் பொறுப்பு, மற்ற ஐந்தும் உங்களுடையவை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே நிற்க மாட்டேன். இடது இருக்கையில் ஏறி உட்காருங்கள். கைப்பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி


மே 19

தம்பி,

நேற்றுக் காய்கறி வாங்கப் பட்டறைத் தெரு வழியாகப் போனேன். “பல்லுடைச்ச அம்மா போறாங்க” என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி, “ஆமாம்” என்றேன். அவன் கடைக்குள் நழுவிவிட்டான்.

கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து கியருக்கும் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்றைக்குப் பட்டறைத் தெருவில் எல்லாக் கடையும் மூடியிருக்கும். சனிக்கிழமை வா, பதினொரு மணிக்கு.

அண்ணி